கழுத்து எந்த மாநிலத்தில் இருந்தது?

நடுவர் அவர்களுக்கும் புளியரை மக்களுக்கும் வணக்கம். வணக்கம் அவ்வளவுதான், ஏழு நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

'குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்குக் கை கொடுப்பது அரசா, ஊரா?' நான் அரசுக் கட்சி. பயப்படாதீர்கள், ஓட்டுக் கேட்கிற கட்சி இல்லை.

எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார்: "அரசு கொடுப்பது ஃபாரம், ஊர் கொடுப்பது காப்பி." நீங்களும் விசில் அடித்தீர்கள். காப்பிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் என் அத்தை கதை.

பத்து வருஷம் இருக்கும். ஆரியங்காவு ஐயப்பனைக் கும்பிட்டுவிட்டுக் கேரள எல்லையில் கோட்டைவாசல் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறாள். பைக்கில் வந்த இரண்டு பேர் தாலிச் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கழுத்தில் ரத்தக் கோடு. இந்தப் பக்க ஸ்டேஷனில், "சம்பவம் கேரளாவுலல்ல நடந்திருக்கு?" அந்தப் பக்கம் போனால், "இது தமிழ்நாடு கேஸல்லே அம்மே?" திரும்ப இங்கே வந்தாள். ஒருவர் பேப்பரில் ரோடு வரைந்து விசாரித்தார்.

"எங்க நின்னீங்க?"

"போர்டுக்கு இந்தப் பக்கம்."

"பைக்கு?"

"அந்தப் பக்கம்."

"அப்போ கழுத்து?"

அத்தை நேர்மையான ஆள். "பஸ் வருதான்னு எட்டிப் பார்த்தேன் சார். காலு தமிழ்நாட்டுலதான் இருந்துச்சு. கழுத்துதான் கொஞ்சம் கேரளாவுக்குப் போயிருக்கும்."

நடுவரே சிரிக்கிறார், மார்க்கையும் போட்டுவிடுங்கள் ஐயா. கால் இங்கே, கழுத்து அங்கே, செயின் எங்கே? அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. 1956 நவம்பருக்கு முன்னால் நம்ம செங்கோட்டையே கேரளாப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தானே? அத்தை பிறந்தது 1950, செங்கோட்டையில். அப்படிப் பார்த்தால் கழுத்து என்ன, முழு அத்தையுமே அந்தப் பக்கத்துச் சரக்குதான்! மூன்று நாளில் மலைரோட்டு எஸ் வளைவை எத்தனை தடவை ஏறி இறங்கினாளோ, அதற்கு சபரிமலைக்கே போயிருந்தால் புண்ணியமாவது மிஞ்சியிருக்கும்.

இந்தக் கூத்து வேண்டாம் என்றுதான் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதுக் குற்ற விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவில் ஜீரோ எஃப்.ஐ.ஆரை எழுதி வைத்தது அரசு. குற்றம் எங்கே நடந்தாலும் போன ஸ்டேஷனில் பதிந்தாக வேண்டும். கழுத்து எந்த மாநிலம் என்பதை அவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம். அடித்தவன் யாரென்றே தெரியாவிட்டாலும், மறுவாழ்வுக்கு உதவி தேவைப்பட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு கேட்கலாம். அது 2009 கடைசியிலேயே சட்டத்துக்குள் வந்துவிட்டது.

இப்போது காப்பி. ஊரே வந்தது, காப்பியும் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டம்ளருக்கு ஒரு கேள்வி. "தனியா ஏன் போன?" "எத்தனை பவுனு?" "கோயிலுக்குப் போகையில இம்புட்டு நகை எதுக்கு?" அறுத்தவன் கிடைக்கவில்லை, அறுபட்டவள் கிடைத்தாள், அவளை விசாரித்தது ஊர். ஒரே வாரத்தில் பட்டப்பெயரும் வைத்தது: 'பார்டர் கழுத்து.' தம்பி, அரசாங்க ஃபாரத்தில் பெயர் கேட்பான், வயது கேட்பான், விலாசம் கேட்பான். 'தனியாக ஏன் போனாய்' என்று ஒரு கட்டம் கிடையாது!

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு நிமிஷம்.

அதற்கப்புறம் அத்தை ஜன்னலோர சீட்டில் உட்காருவதில்லை. பைக் சத்தம் கேட்டால் கை தானாகக் கழுத்துக்குப் போகும். போன வருஷம் பக்கத்துத் தெருப் பெண்ணை அவளைக் கட்டியவனே அடித்துவிட்டான். வாயெல்லாம் வீக்கம். காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருந்த பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போட்டது அத்தைதான். மகளிர் காவல் நிலையத்துக்குக் கூடப் போனதும் அவள்தான். "கூடப் போனது ஊர்தானே?" என்று தம்பி மடக்குவார். மடக்கட்டும், எனக்கு இப்போது ஜெயிக்கத் தோன்றவில்லை.

அங்கே இருந்த பெண் போலீஸ் பேனாவைத் திறக்கவில்லை. முதலில், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

அத்தை வீட்டுக்கு வந்து, கழுத்தைத் தடவிக்கொண்டே அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். "ஏன் போனேன்னு கேக்கல மருமவனே. சாப்பிட்டியான்னு கேட்டா."