வெட்டாமல் விட்ட கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். 10 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் படமெடுக்க ஆரம்பித்து 50 வருடம் ஆகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், வருடத்துக்கு 12 வினாடி வருகிறது. பார்ப்போம்.

ஆவணப்படம் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு நினைவு வருவது, தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடிய அரசாங்க நியூஸ் ரீல். அமைச்சர் அணை திறப்பார், நாம் வெளியே நின்று முறுக்கு வாங்கிக்கொண்டிருப்போம். பட்வர்தன் அந்த வகை இல்லை. பெரும்பாலும் அவரே கேமரா பிடிப்பார், அவரே எடிட் செய்வார், அவரே தயாரிப்பாளர்.

1974இல் பீகாரில் ஜெயபிரகாஷ் நாராயண் தலைமையில் மாணவர் போராட்டம் நடந்தபோது, இரவல் வாங்கிய சூப்பர் 8 கேமராவில் அதைப் படம் பிடித்தார். அது கல்யாண வீட்டிலும் பிக்னிக்கிலும் எடுப்பதற்கென்று வந்த சின்னக் கேமரா. பொது இடத்தில் திரையிட 16 எம்.எம். ஃபிலிம் வேண்டும். லேபுக்குக் கொடுத்து மாற்றக் காசு இல்லை. என்ன செய்தார் தெரியுமா? எடுத்ததைத் திரையில் ஓட்டி, அந்தத் திரையை இன்னொரு கேமராவால் படம் பிடித்தார். அப்புறம் நெருக்கடி நிலை வந்தது. படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, வெளிநாடு போகிறவர்கள் கையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தனுப்பி, அங்கே வைத்து ஒட்டினார்கள். அவரும் படிக்கக் கனடா போனார்.

சரி, எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், முன்னாலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

1985இல் ‘பம்பாய் நமது நகரம்’ வந்தது. குடிசைகளை இடிப்பதைப் பற்றிய படம். அதே வருடம்தான் உச்ச நீதிமன்றம், நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்பும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்புதான் சொன்னது.

அந்தப் படத்தை எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் போட்டோம். சங்கம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், பதினைந்து பேர், ஒரு வாடகை புரொஜெக்டர், திரைக்கு ஒரு எட்டு முழ வேட்டி. படம் இந்தியிலும் மராத்தியிலும் பேசுகிறது. எங்களுக்கு இரண்டும் தெரியாது. பம்பாயிலிருந்து மாற்றலாகி வந்த ரயில்வேக்காரர் ஒருவரைப் பக்கத்தில் நிற்கவைத்தோம். அவர் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நன்றாகத்தான் சொன்னார், பல்பொடி விளம்பரம் மாதிரி ஒரு இழுவை இருந்தாலும்.

பாதிப் படத்தில் ஒரு பெண் வருகிறாள். வீட்டை இடித்துவிட்டார்கள். கேமராவைப் பார்த்துக் கோபமாக என்னவோ சொல்கிறாள். எங்கள் ரயில்வே அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். இருட்டில் புரொஜெக்டர் சத்தம் மட்டும்தான். பின்னாலிருந்து ஒருவர், “என்னண்ணே, நிறுத்திட்டீங்க?” என்றார். இவர் மைக்கைக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னார்: “நம்மளத்தாம்ப்பா திட்டுது அந்தப் பொண்ணு.”

அவர் சொன்னது சரிதான். அந்தப் பெண் திட்டியது படமெடுப்பவரை. ஏழைகளைப் படம் பிடித்து நீ பேர் வாங்கிக்கொண்டு போவாய், எங்களுக்கு உன்னால் என்ன ஆகப் போகிறது என்பதுதான் அவள் கேட்டதன் சாரம். நானாக இருந்தால் அந்தக் காட்சியை எடிட்டிங் மேசையிலேயே தூக்கி எறிந்திருப்பேன். பட்வர்தன் வைத்திருந்தார். நேயர்களே, மறுபடி சொல்கிறேன், தன்னைத் திட்டியதைத் தன் படத்திலேயே வைத்திருந்தார். அடுத்த வருடம் குடிசைவாசிகளுக்கு மாற்று இடம் கேட்டு நடந்த உண்ணாவிரதத்தில் அவரும் உட்கார்ந்தார்.

அந்தப் படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆனாலும் தூர்தர்ஷன் ஒளிபரப்ப மறுத்தது, நீதிமன்றம் போய்த்தான் ஜெயித்தார். ‘போரும் சமாதானமும்’ என்ற அணுகுண்டுப் படத்துக்குத் தணிக்கைக் குழு 21 வெட்டு கேட்டது. 2003இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வெட்டும் வேண்டாம் என்றது. இந்த வழக்குக் கதைகளை எல்லோரும் சொல்வார்கள், நான் தாண்டிப் போகிறேன். என்னைக் கட்டிப்போடுவது, முன்பு படமெடுத்த ஆட்களிடம் அவர் திரும்பிப் போகிற பழக்கம்தான்.

அதே 1985 படத்தில் ஒரு பாட்டுக்காரர் வருவார், விலாஸ் கோக்ரே. தலித் கவிஞர், இடதுசாரி, குடிசைப் பகுதியில் வாழ்ந்தவர். 1997 ஜூலை 11ஆம் தேதி, பம்பாய் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டிருந்தார்கள். கொதித்துத் திரண்ட மக்கள்மேல் போலீஸ் சுட்டதில் 10 பேர் செத்தார்கள். சில நாளில் கோக்ரே, தலையில் அம்பேத்கர் இயக்கத்தின் நிறமான நீலத் துணி கட்டிக்கொண்டு, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சிவப்புக் கொடி பிடித்தவர் கடைசியில் ஏன் நீலத்தைக் கட்டினார்? இந்தக் கேள்வியோடு பட்வர்தன் கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். படம் முடிய 14 வருடம் ஆனது. ‘ஜெய் பீம் காம்ரேட்’ 2011இல் வந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம், பாதிக்குப் பாதி பாட்டு. நீளம் என்று குறை சொல்பவர்கள் உண்டு, நானும் முதல் தடவை சொன்னேன். இரண்டாம் தடவை பார்த்தபோது எந்தப் பாட்டை எடுக்கலாம் என்று தேடினேன், கிடைக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்.

‘ராம் கே நாம்’. 1990 அக்டோபரில் அயோத்தியில் எடுத்தது, மசூதி இடிக்கப்படுவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்ட படம். அங்கே ராமஜென்மபூமிக் கோயிலுக்கு நீதிமன்றம் நியமித்த பூசாரி லால்தாஸ் அதில் பேசுகிறார். தன் கோயிலை வைத்து நடக்கும் அரசியல் வேண்டாம் என்கிற பூசாரி. 1993இல் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இப்போது அவர் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் இந்தப் படத்தைத்தான் போட வேண்டும்.

2018இல் வந்த ‘விவேக்’ நான்கு மணி நேரப் படம், ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் பரிசு வாங்கியது. அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், அப்படியே மடித்து வைக்கிறேன். நர்மதைப் படத்தையும் விட்டுவிட்டேன்.

2023இல் வந்தது அவருடைய அப்பா அம்மாவைப் பற்றிய படம். அம்மா நிர்மலா பட்வர்தன் மண்பாண்டக் கலைஞர். வயதாகிக்கொண்டிருந்த இருவரையும் வீட்டில் சும்மா எடுத்து வைத்திருந்தது பின்னால் படமானது. அவர் திரும்பிப் போன இடங்களில் அதுவும் ஒன்று. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று... ஒரு விரல் காட்டிவிட்டார்கள். நன்றி, வணக்கம்.