முதலில் காது

நடுவர் ஐயாவுக்கும், எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் எதிரணித் தம்பிக்கும், கரண்ட் போன பிறகும் எழுந்து போகாமல் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் நம் ரங்கூன் சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

'முன்பின் தெரியாதவரிடம் இயேசுவைச் சொல்ல முதலில் வேண்டியது துணிந்த வாயா, கேட்கும் காதா?' இதுதான் நமக்குத் தந்த தலைப்பு. வாய்தான் என்று தம்பி பேசினார், நன்றாகவே பேசினார். ரோமர் 10-ஐ எடுத்தார். பிரசங்கிக்கிறவனில்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று கேட்டார். அந்த வசனத்தோடு எனக்கு வழக்கில்லை. சொல்லத்தான் வேண்டும். வாயே திறக்காமல் இருந்துவிட்டு, என் வாழ்க்கையே சாட்சி என்று நழுவிக்கொள்வதை நானும் ஏற்கமாட்டேன். எது முதலில் என்பதுதான் என் வாதம்.

தம்பி இன்னொன்றும் சொன்னார். நம் ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் ஒரு பெட்டி முழுக்கச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்தாராம். ஒருவர்கூட மறுக்கவில்லையாம். அதைக் கேட்டதும் நீங்கள் கைதட்டினீர்கள். எனக்கு மனசு கனத்துவிட்டது. காரணத்தைச் சொல்கிறேன்.

இந்த ஊரில் பிறந்த நம் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த ஒரு பர்மியச் சொல் உண்டு, ஆனாடே. தமிழில் ஒரே வார்த்தையில் அடங்காது. எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாது, அவருக்குச் சங்கடம் தரக் கூடாது என்று தன் விருப்பத்தை விழுங்கிக்கொள்வது. பசித்தாலும் 'சாப்பிட்டுவிட்டேன்' என்பார்கள். வேண்டாம் என்று தோன்றினாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள். தம்பி, அந்தப் பெட்டியில் உங்களை மறுக்காதவர்களில் எத்தனை பேர் ஆனாடேயால் மறுக்கவில்லை? கேட்டுப் பார்க்காமல் அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நானும் அதே ரயிலில் கைப்பிரதி கொடுத்தவள்தான். ஏறத்தாழ 46 கிலோமீட்டர், 39 ஸ்டேஷன், அப்போது சுற்றி வர மூன்று மணி நேரம் ஆகும். ஊழியத்துக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று நினைத்த வயது. ஒருநாள் இன்செயினில் ஏறினேன். எதிரில் ஒரு பர்மிய அம்மா. மடியில் டிபன் கேரியர், அதன் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். லேடான் வரைக்கும் நான் பேசினேன். பாவம், மீட்பு, நித்திய ஜீவன் எல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். இறங்கும்போது கைப்பிரதியை மடித்துப் பைக்குள் வைத்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் பூரித்துப்போனேன். பக்கத்தில் இருந்த பெண்தான் பிறகு சொன்னாள்: 'அவர் மகன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். நேற்றே டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். சாப்பாடு கொண்டுபோகிறார், அவன் சாப்பிடுவானா தெரியாது.'

ஐயா, அந்தக் கேரியர் என் கண்ணெதிரில்தான் இருந்தது. 'யாருக்கம்மா சாப்பாடு?' என்ற ஒரு கேள்வி போதும். அத்தனை ஸ்டேஷன் வரைக்கும் அது என் வாயில் வரவில்லை. நித்திய ஜீவனைப் பற்றி அவரிடம் நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மகனைச் சாகக் கொடுக்கப்போகும் தாயிடம் அதை ஒப்பித்துவிட்டு வந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றும் அந்தக் கைகள் கண்முன் நிற்கின்றன.

சரி, வேதத்துக்கு வருவோம். தம்பி பிலிப்புவைத் தம் பக்கத்துச் சாட்சியாகக் கூப்பிட்டார். அப்போஸ்தலர் 8-ஐக் கொஞ்சம் மெதுவாக வாசித்துப் பாருங்கள். 30-ஆம் வசனத்தில் பிலிப்பு ரதத்திடம் ஓடுகிறார், அந்த எத்தியோப்பிய மந்திரி வாசிப்பதைக் காதால் கேட்கிறார், அப்புறம் கருத்து தெரியுமா என்று ஒரு கேள்வி. அழைத்த பிறகு ஏறி அவரோடு உட்காருகிறார். இயேசுவைப் பிரசங்கிப்பது 35-ஆம் வசனத்தில். நடுவில் அந்த மனிதரின் சந்தேகம் இருக்கிறது, அவர் கேட்ட கேள்வி இருக்கிறது. உயிர்த்தெழுந்த பிறகு எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் ஆண்டவரே அப்படித்தான். சிலுவையில் நடந்ததெல்லாம் அவருக்கே நடந்தது. ஆனாலும் அந்த இரண்டு பேரிடம் 'எவைகள்?' என்று கேட்கிறார். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை கூடவே நடக்கிறார். இதில் என்னை மிகவும் அசைப்பது சமாரியப் பெண்ணின் கிணறு. அங்கே அவர் முதலில் எதையும் கொடுக்கவில்லை, தண்ணீர் கேட்கிறார். நம் தெருக்களில் பௌத்த வீட்டார் வழிப்போக்கருக்காக மண்பானையில் தண்ணீர் நிரப்பி, மூடி, மேலே ஒரு குவளை கவிழ்த்து வைக்கிறார்களே, நாம் எத்தனை நாள் அதில் குடித்திருக்கிறோம்? அந்தப் பானையை வைத்தவர் யார், ஏன் வைக்கிறார் என்று ஒருநாளாவது விசாரித்தோமா? அவரிடம் நாம் வாங்கிக் குடித்தவர்கள். அந்த நினைப்போடு அவரிடம் பேச உட்கார்ந்தால் நம் குரலே வேறு மாதிரி இருக்கும்.

இந்த நாட்டுக்குச் சுவிசேஷம் வந்த கதையும் தம்பிக்குத் தெரியும். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் ரங்கூனில் வந்து இறங்கியது 1813 ஜூலையில். முதல் பர்மிய விசுவாசி மாங் நாவ் ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூன் 27-இல். கிட்டத்தட்ட ஆறு வருஷம்! அந்த ஆறு வருஷத்தில் பெரும்பகுதி அவர் மொழி படித்தார். மொழி படிப்பதென்றால் என்ன? அடுத்தவன் பேசுவதை நாள் முழுக்கக் காதில் வாங்குவதுதானே. அதற்குப் பிறகு என்ன கட்டினார் என்று பாருங்கள். கோபுரம் வைத்த கோயில் கட்டவில்லை. ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகும் பாதையோரம் மூங்கிலும் கூரையுமாக ஒரு ஸயாத், வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் சாவடி. நம் ஊர்ச் சத்திரம் மாதிரி. முன்பக்கம் திறந்தபடி இருக்கும், யாரும் வந்து உட்காரலாம். வழியே போகிறவர்களை அவர் கூவி அழைத்ததும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குரல் எழுந்தது இத்தனை வருஷம் காதால் கேட்ட பிறகு. வந்தவர்களோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தார், அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். 1834-இல் அவர் முழு வேதாகமத்தையும் பர்மிய மொழியில் பெயர்த்து முடித்ததும் அதே காதின் பலத்தில்தான்.

தமிழருக்கு வந்த வழியும் அதுவே. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் ஆனா ஆவன்னா எழுதினார். பிறகு தமிழ் அறிந்தவர்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் நம்பிக்கை என்ன என்று கேட்டு வாங்கினார்.

நேரம் இல்லையே, அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவாரே என்று தம்பி கேட்டார். நியாயமான கவலைதான். ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம்தான் கிடைக்கிறது என்றால், அந்த நேரத்தில் அவர் பாரம் என்னவென்று கேளுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

கடைசியாக ஒன்று. நான் தையல்காரி. வீட்டு முன்பக்கம் மிதி மெஷின் போட்டிருக்கிறேன், கரண்டை நம்பினால் பிழைப்பு நடக்காது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மாண்டலேயிலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்த ஒரு அம்மா, பெரியவள் உடுத்தும் பூப்போட்ட தமேன் (பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டும் லுங்கி) ஒன்றைக் கொண்டுவந்தார். ஒன்பது வயதுப் பேத்திக்குச் சின்னதாக்க வேண்டும் என்றார். இடுப்பில் வரும் கறுப்புப் பட்டியை முதலில் பிரிக்க வேண்டும். பிரித்துக்கொண்டே, 'இது யாருடையதும்மா?' என்றேன். பதில் வரவில்லை. துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். நானும் மெஷினை மிதிக்கவில்லை. வெகுநேரம் கழித்து, 'பிள்ளைக்கு அம்மா வாசம் இருக்கட்டும், துவைத்துவிடாதே' என்றார்.

அன்றைக்கு நான் இயேசுவின் பெயரைச் சொல்லவில்லை. தம்பி இதைக் குறை என்பார். அடுத்த வாரம் வாங்க வந்தபோது மகளைப் பற்றிப் பேசினார், நான் கேட்டேன். அதற்கடுத்த வாரம் தைக்க ஒன்றும் இல்லாமலே வந்தார். சுவரில் மாட்டியிருந்த சபைக் காலண்டரைக் காட்டி, 'தினமும் காலையில் அதற்கு முன்னால் கண்மூடி உட்காருகிறாயாமே, பேத்தி பார்த்தாளாம். யாரிடம் பேசுகிறாய்?' என்று அவரே கேட்டார்.

சொன்னேன் ஐயா. என் புருஷன் இறந்துபோன அந்த வருஷத்தில் யார் என்னைத் தாங்கினார் என்பதிலிருந்து தொடங்கி, செத்துப்போன லாசருவை உயிரோடு எழுப்புவதற்கு முன்னால் அழுத நம் ஆண்டவர் வரைக்கும் சொன்னேன். அந்த அம்மா சும்மா தலையசைக்கவில்லை. 'அவர் ஏன் அழுதார்? எழுப்பப்போவது அவருக்குத் தெரியும்தானே?' என்று கேட்டார். அது ஆனாடே இல்லை. இருட்டும் வரைக்கும் பேசினோம். எழுந்து போகும்போது, பேத்தி ராத்திரியில் அலறி எழுகிறாள், அவளுக்காக அவரிடம் பேசு என்றார்.

நாளைக்குத்தான் அந்த அம்மா மறுபடி வருகிறார்.