ஒன்பது மணிக் காலையுணவு

எல்லோருக்கும் வணக்கம்.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் என்றாலே பலருக்கு அந்தக் கிறீச்சிடும் கதவுதான் ஞாபகம் வரும். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் சாட்டன் என்று ஒரு கிராமம். அங்கே அவர் இருந்த வீட்டில் ஒரு கதவு திறக்கும்போதெல்லாம் சத்தம் போடும். ஆள் வருவது முன்கூட்டியே தெரியும், எழுதும் தாளை மறைத்துவிடலாம் என்பதால் அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அண்ணன் மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வரும் செய்தி இது. எனக்கோ அந்தக் கதவைவிட, அந்த வீட்டில் யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்பதுதான் பெரிதாகப் படுகிறது.

1809 ஜூலையில் நான்கு பெண்கள் அங்கே குடிவந்தார்கள். ஜேன், அம்மா, அக்கா கசாண்ட்ரா, தோழி மார்த்தா லாயிட். அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீடு அண்ணன் எட்வர்ட் கொடுத்தது. ஜேனுக்கு அப்போது 33 வயது. இருபத்தைந்து வயதுக்குள்ளேயே மூன்று நாவல்களுக்கு முதல் வடிவம் எழுதி முடித்தவர் அவர். 1801இல் குடும்பம் பாத் நகருக்குப் போன பிறகு, வீடு மாறி ஊர் மாறி அலைந்த எட்டு ஆண்டுகளில், புதிதாகத் தொடங்கிய ஒரு நாவலும் பாதியில் நின்றுபோனது.

சாட்டனில் அவருடைய நாள் எப்படிப் போனது என்பதை அண்ணன் மகள் கரோலின் பின்னாளில் எழுதி வைத்தார். காலையில் முதல் வேலை பியானோ. ஒன்பது மணிக்குக் காலையுணவு தயார் செய்வது ஜேனின் பொறுப்பு. தேயிலை, சர்க்கரை, ஒயின் இருப்பும் அவர் கையில். அந்தக் காலத்தில் தேயிலை பூட்டி வைக்கிற அளவுக்கு விலை உயர்ந்த பொருள். அப்புறம் கரோலின் ஒரு வரி சொல்கிறார்: மற்றதெல்லாம் கசாண்ட்ரா அத்தை பார்த்துக்கொண்டார்.

அந்த 'மற்றதெல்லாம்' என்ற சொல்லில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். வீட்டில் வேலையாட்கள் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் மதியத்துக்கு என்ன, இறைச்சி எத்தனை பேருக்குப் போதும், யார் வந்து தங்கப் போகிறார்கள், யாருக்கு எந்த மருந்து என்று ஓயாமல் மனத்தில் சுமப்பது தனி வேலை. வீட்டை நடத்துகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சுமையை கசாண்ட்ராவும் மார்த்தாவும் ஏற்றார்கள். அம்மா தோட்டத்தில் இறங்கி உருளைக்கிழங்கு தோண்டினார். ஜேன் பன்னிரண்டு பக்கம் கொண்ட ஒரு சின்ன வால்நட் மேசையில் உட்கார்ந்தார். 1811இல் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி', 1813இல் 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்', 1814இல் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்', 1815 கடைசியில் 'எம்மா' வெளிவந்தன.

ஊசியும் நூலும் அவர் கையை விட்டு விலகவில்லை. 1811 மே மாதக் கடிதம் ஒன்றில், ஒட்டுப்போர்வைக்குத் துணித்துண்டு சேர்த்தாயா, இங்கே வேலை நின்றுகிடக்கிறது என்று அக்காவைக் கேட்கிறார். இன்னொரு அண்ணன் மகளுக்கு ஞாபகம் இருந்த காட்சி இது: எட்வர்டின் வீட்டில் கணப்பருகே அத்தை பேசாமல் தைத்துக்கொண்டிருப்பார். திடீரென்று வாய்விட்டுச் சிரிப்பார். எழுந்து ஓடி மேசையில் ஏதோ எழுதுவார். திரும்பி வந்து அமைதியாக ஊசியை எடுத்துக்கொள்வார். தையலும் எழுத்தும் ஒரே மனத்தில் ஓடியதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பொழுதுபோக்கு இல்லாமலும் இல்லை. கயிற்றில் கட்டிய பந்தை மேலே எறிந்து கோலின் முனையில் பிடிக்கும் விளையாட்டில், கை சோர்கிற வரை நூறு முறைக்கு மேல் தொடர்ந்து பிடிப்பாராம். கடைகளுக்குப் பக்கத்து ஊரான ஆல்டன் வரை நடந்தே போவார். 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' அச்சாகி வீட்டுக்கு வந்தது 1813 ஜனவரி 27. அன்றே பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டினார்கள். எழுதியவர் எதிரே உட்கார்ந்திருப்பது அந்தப் பெண்மணிக்குத் தெரியாது. அடுத்த முறை அம்மா வாசித்தபோது வேகமாகப் போய்விட்டார், பாத்திரங்கள் பேச வேண்டியபடி பேசவில்லை என்று ஜேனுக்கு வருத்தம்.

சரி, இந்த ஏற்பாடு குலைந்தால் என்ன ஆகும்? 1816 செப்டம்பரில் கசாண்ட்ரா ஊரில் இல்லை. வீடு ஜேன் தலையில். வந்து தங்கியவர்கள் போன பிறகு அக்காவுக்கு எழுதுகிறார்: வீட்டையும் கவனித்துக்கொண்டு இவ்வளவு செய்ய உனக்கு எப்படி நேரம் கிடைக்கிறது? அதே கடிதத்தில், குடும்பப் பொறுப்புகளோடு நாவல்கள் எழுதிய ஜேன் வெஸ்ட்டை எண்ணியும் வியக்கிறார். தலை நிறைய ஆட்டிறைச்சியும் ரூபார்ப் மருந்தும் இருக்கும்போது எழுதுவது தனக்கு இயலாத காரியமாகத் தோன்றுகிறது என்கிறார். மறு ஆண்டு ஜூலை 18 அன்று, 41 வயதில், கசாண்ட்ரா பக்கத்தில் இருக்க, வின்செஸ்டரில் அவர் உயிர் பிரிந்தது.

சாட்டன் வீடு 1949 முதல் அருங்காட்சியகம். அந்தச் சின்ன மேசை அங்கே இருக்கிறது. மார்த்தா கைப்பட எழுதிய சமையல் குறிப்பேடும் அங்கேதான் இருக்கிறது. அதில் ஒரு புட்டிங் செய்முறை முழுக்கச் செய்யுளாகவே இருக்கிறது. இயற்றியவர், உருளைக்கிழங்கு தோண்டிய அந்த அம்மா.