காணாத உருவம் பழகியதாகத் தோன்றுவது எப்படி?

அவையோர்க்கு வணக்கம்.

ஒரு பொருளை இன்ன வகை என்று மனம் எவ்வாறு முடிவு செய்கிறது என்ற கேள்விக்கு உளவியலில் இரண்டு விடைகள் நெடுநாளாக மோதிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வகைக்கும் அதன் பொதுச்சாயலைத் திரட்டிய மூலமாதிரி ஒன்று மனத்தில் இருக்கிறது, புதியதை அதனோடுதான் ஒப்பிடுகிறோம் என்பது ஒரு தரப்பு. அப்படித் திரட்டிய உருவம் எதுவும் தேவையில்லை, முன்பு கண்ட தனித்தனி எடுத்துக்காட்டுகளே நினைவில் நின்று ஒப்பீட்டுக்கு வருகின்றன என்பது மறுதரப்பு.

மூலமாதிரித் தரப்புக்கு வலுச்சேர்ப்பதுபோல், அமெரிக்க மாணவர்கள் பெங்குவினைவிட ராபின் என்ற சிறு பறவையையே பறவைக்குப் பொருத்தமான உதாரணமாக மதிப்பிட்டதை எலினார் ரோஷ் 1975இல் காட்டினார். அதற்கு முன்பே, 1968இல், போஸ்னரும் கீலும் ஒன்பது புள்ளிகளால் ஆன சில மூல உருவங்களை எடுத்துக்கொண்டு, புள்ளிகளை இடம் நகர்த்திச் சிதைத்த வடிவங்களை மட்டும் காட்டி, அவற்றை வகை பிரிக்கப் பழக்கியிருந்தார்கள். பிறகு, அதுவரை காட்டாத மூல உருவத்தை முன்வைத்தபோது, மற்றப் புதிய சிதைவுகளைவிட அதையே பங்கேற்றோர் நன்றாக வகைப்படுத்தினார்கள்.

மூலமாதிரி மனத்தில் உண்டு என்பதற்கு இதையே சான்றாகக் கொள்வது அவசர முடிவு என்பேன். மூல உருவம் சிதைவுகள் அனைத்துக்கும் நடுவில் நிற்பது. ஆகவே நினைவிலுள்ள பலவற்றோடும் அதற்கு ஒப்புமை உண்டு, அந்த ஒப்புமைகளைக் கூட்டினாலே அது பழகியதாகத் தோன்றிவிடும். எடுத்துக்காட்டுத் தரப்புக்காக 1978இல் மெடினும் ஷாஃபரும் முன்வைத்த கணக்கில் இன்னொரு நுட்பம் இருக்கிறது: புதியதை ஓர் எடுத்துக்காட்டோடு ஒப்பிடும்போது, நிறம், அளவு போன்ற ஒவ்வொரு கூறிலும் உள்ள ஒப்புமையை அவர்கள் கூட்டவில்லை, பெருக்கினார்கள். அதனால் அரைகுறையாக ஒத்த பல எடுத்துக்காட்டுகளைவிட, ஏறத்தாழ அச்சாக ஒத்த ஒன்றே முடிவைத் தன்பக்கம் இழுக்கும். ராபினுக்குச் சற்றும் ஒவ்வாத பெங்குவினை, முன்பு கண்ட இன்னொரு பெங்குவின் நினைவில் இருப்பதால், நாம் தயங்காமல் பறவை என்பது இதனால்தான் எளிதில் விளங்குகிறது.

நினைவிழப்பு நோயாளிகள் பார்த்த புள்ளி உருவங்களைத் திரும்ப அடையாளம் காணத் தடுமாறினாலும் வகை பிரிப்பதில் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே செயல்பட்டார்கள் என்று 1993இல் நோல்டனும் ஸ்குவயரும் காட்டியது, எடுத்துக்காட்டுத் தரப்புக்குப் பெரிய அடிதான். நினைவு மங்கி, உருவங்களுக்கிடையிலான வேறுபாடுகள் மழுங்கினால், அடையாளம் காண்பது பெரிதும் கெட்டாலும் வகை பிரிப்பது அவ்வளவாகக் கெடாது என்று 1998இல் நொசோஃப்ஸ்கியும் ஸாகியும் கணக்கிட்டு மறுமொழி தந்தார்கள். அதே ஆண்டு ஸ்மித்தும் மிண்டாவும், பயிற்சியின் தொடக்கத்தில் மூலமாதிரிக் கணக்கும், சிறிய வகைகளை நெடுநேரம் பழகிய பின் எடுத்துக்காட்டுக் கணக்கும் தரவுகளோடு பொருந்துவதைக் கண்டார்கள். ஆகவே பயிற்சி எவ்வளவு, வகை எத்தனை பெரியது என்று சொல்லாமல் இரண்டில் ஒன்றை வென்றதாக அறிவிக்க இயலாது.