முன் பெட்டியில் நின்றவர்

எல்லாருக்கும் வணக்கம். அண்ணியும் பிள்ளைகளும் முன்வரிசையில் இருக்கிறார்கள், குன்னூர் ஷெட்டிலிருந்து டிரைவர்கள், ஃபயர்மேன்கள், மழையில் நனைந்துகொண்டு தண்டவாளம் பார்க்கிற டிராக்மேன் தம்பிகள் என்று எல்லாரும் வந்திருக்கிறீர்கள். அண்ணன் எவ்வளவு நல்ல மனிதர் என்று முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் அவருடைய வேலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்குகிறேன்.

வெளியூர் சொந்தக்காரர்களுக்காகச் சொல்கிறேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் நம்ம நீலகிரி மலை ரயிலை எஞ்சின் இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். 12 அடிக்கு 1 அடி ஏறுகிற பாதை. முன்னால் மரம் விழுந்து கிடந்தாலும் டிரைவருக்குத் தெரியாது. முன் பெட்டியில் வெளியே நின்று பிரேக் பிடிக்கிற பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண். அங்கே அண்ணன், அடுத்த பெட்டியில் நான். வளைவில் வெளியே நீளும் அவர் கையும் பச்சைக் கொடியும்தான் எனக்குத் தெரியும், அதைப் பார்த்து நான் காட்ட, என்னைப் பார்த்து அடுத்தவர் காட்ட, அப்படியே டிரைவர் வரைக்கும் போகும்.

ஒரு ஐப்பசி மழையில் ஹில்குரோவ் தாண்டியதும் சிவப்புக் கொடி வந்தது. நிறுத்தினோம். இறங்கிப் பார்த்தால் பெரிய பாறை ஒன்றுமில்லை, கொஞ்சம் மண்ணும் சரளையும் சரிந்து இரண்டு தண்டவாளத்துக்கு நடுவிலிருக்கும் பல் வைத்த இரும்புப் பட்டையில், அதாவது ரேக்கில், உட்கார்ந்திருந்தது. அண்ணன் மண்டிபோட்டு விரலாலேயே பல் பல்லாகத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "இந்தச் சின்னக் கல்லுக்கா அண்ணே நிறுத்தினீங்க?" என்றான். அவர் கோபப்படவில்லை. அவன் கையைப் பிடித்து ரேக்கில் வைத்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வரிசை. ஒன்றில் பல் இருக்கிற இடத்தில் மற்றதில் பள்ளம். "ஒரு பல்லை விடும்போது இன்னொண்ணைப் பிடிச்சிருக்கணும். நடுவுல கல்லு உட்கார்ந்தா எதைப்பா பிடிக்கும்?" அவ்வளவுதான் பாடம்.

அப்புறம் இறக்கம். "ஏறும்போது எஞ்சின் வேலை, இறங்கும்போது நம்ம வேலை" என்பார். சக்கரத்துக்கு ஒரு பிரேக், ரேக்கைக் கடிக்கிற பல்சக்கரத்துக்கு ஒரு பிரேக், டிரைவரின் விசில் கேட்டு ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் யார் பேச்சுக் கொடுத்தாலும் அண்ணன் திரும்ப மாட்டார், திமிர் என்று நினைத்த பயணிகளும் உண்டு. கல்லாறு வந்த பிறகு அவரே போய் அவர்களிடம் பேசுவார்.

1899-ல் குன்னூருக்கு ரயில் ஏறியது, 1908-ல் ஊட்டிக்குப் போனது, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. வருகிறவர்கள் எஞ்சினைப் படம் எடுக்கிறார்கள், எடுக்கட்டும். ஆனால் இன்றைக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் ஆள் நின்றுதான் பிரேக் பிடிக்கிறான், அந்த ஆளுக்குப் பக்கத்தில் நின்று கைபிடித்துச் சொல்லித்தர அண்ணன் மாதிரி ஒருவர் வேண்டும். எனக்கு அந்தக் கவலைதான் பெரிது.

அன்றைக்குக் கேள்வி கேட்ட பையன்தான் இப்போது முன் பெட்டியில் நிற்கிறான். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். தம்பி, மேலே வாப்பா, அடுத்து நீ பேசு.