பழைய இரும்பில் ஒரு பார் கலப்பை

வணக்கம் நேயர்களே. இலங்கை மலையகத்தில் கந்தப்பளை, இராகலை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் போடுகிறவர்களுக்காகப் பேச வந்திருக்கிறேன். அதிலும், லேண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கரக் கை உழவு இயந்திரம் இருக்கிறது, ஆனால் அதில் பூட்டுகிற கலப்பை வாங்க வசதியில்லை என்கிறவர்களுக்காக.

2022இல் டொலர் இல்லாமல் நாடே திண்டாடியபோது நம்மில் பலர் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். இப்போது கடைகளில் சாமான் இருக்கிறது. என்றாலும் பழைய இரும்பை விட்டுவிடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். லேண்ட்மாஸ்டர் பெரும்பாலும் வயலை நினைத்துச் செய்த இயந்திரம். நமக்கு இருப்பதோ கல்லும் சரிவும், திரும்ப இடமில்லாத ஒடுக்கமான படித்தட்டுகளும். நம் மண்ணுக்கு அளவெடுத்துக் கலப்பை செய்ய வேண்டுமென்றால் அதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

கிழங்குக்குப் பார் கட்டுகிற, அதாவது மண்ணை நீள வரிசையாக மேடாக்குகிற, கலப்பையையே எடுத்துக்கொள்வோம். மண்வெட்டியால் பார் இழுப்பது முதுகை முறிக்கும் வேலை. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, அந்தியில் லயத்துப் பக்கத்துத் தோட்டத்தில் பெண்கள் அதைச் செய்கிறார்கள். அவர்களுக்காகவாவது இந்தக் கலப்பையைச் செய்ய வேண்டும்.

மண்ணைக் கிழிக்கும் கூருக்கு லொறியின் ஸ்பிரிங் தட்டை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் இரும்புக் கடையில் எல்லாம் ஒரே துருவாகத்தான் கிடக்கும். எது என்ன இரும்பு என்று சந்தேகமா? கிரைண்டரில் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சாதாரண இரும்பு என்றால் பொறி நீளமாக, கோடு கோடாகப் பறக்கும். ஸ்பிரிங் தட்டின் பொறி நடுவிலேயே வெடித்துக் கிளை கிளையாகச் சிதறும். வார்ப்பிரும்பின் பொறி சிவந்து, குட்டையாக அடங்கிவிடும். வார்ப்பிரும்பைக் கூருக்கு எடுக்கவே வேண்டாம். கல்லில் பட்டால் உடைந்துபோகும்.

ஸ்பிரிங் தட்டில் அப்படியே துளை போட முடியாது, துளையிடும் கூர்தான் மழுங்கும். கொல்லன் உலையில் நன்றாகச் சிவக்கக் காய்ச்சுங்கள். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடேறியதும் எடுத்துச் சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க ஆற விடுங்கள். காலையில் சுகமாகத் துளையிடலாம். துளையிட்டு முனையைத் தீட்டிய பிறகு முனையை மட்டும் திரும்பச் சிவக்க வைத்து எண்ணெயில் தோய்க்க வேண்டும். அதோடு விட்டால் முனை கண்ணாடி போல நொறுங்கும். அதனால் துடைத்துப் பளபளப்பாக்கி, மெதுவாகச் சூடு காட்டி, நீலம் ஓடுகிற நேரத்தில் நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், இந்தக் கூர் முனையை அதைத் தாங்கும் கலப்பைத் தண்டோடு வெல்டிங் பண்ணாதீர்கள். ஸ்பிரிங் தட்டில் வெல்டிங் சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் வெடிப்பு விழும். போல்ட் போட்டு இறுக்குங்கள். தேய்ந்தால் கழற்றி மாற்றுவதும் சுலபம்.

மண்ணை இரண்டு பக்கமும் தள்ளும் சிறகுகளுக்குச் சாதாரண இரும்புத் தகடு போதும், 4 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். எண்ணெய் பீப்பாய்த் தகடு மெலிசு, நெளிந்துவிடும். அதை வெட்டுகிற வேலையும் ஆபத்தானது. உள்ளே மிஞ்சிய ஆவி தீப்பிடித்தால் பீப்பாயே வெடிக்கும். நாகம் (துத்தநாகம்) பூசிய குழாயை வெல்டிங் செய்தால் வரும் வெள்ளைப் புகையும் நெஞ்சுக்குக் கெடுதல். சிறகுகளைக் கீலில் மாட்டி, விரிக்கவும் ஒடுக்கவும் துளைகள் விட்டுவிடுங்கள். கிழங்குக்கு 60 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் போடலாம், வேறு பயிருக்கு வேறு அளவு வைக்கலாம்.

இதில் நான் மிக முக்கியமாக நினைப்பது ஒரு சின்ன போல்ட். கலப்பைத் தண்டு, லேண்ட்மாஸ்டரில் பூட்டுகிற இரும்புச் சட்டத்தில் இரண்டு இடத்தில் பூட்டப்படும். மேலே இருப்பது கனத்த போல்ட், தண்டு அதில் சுழல வேண்டும். கீழே இருப்பது 8 மில்லிமீட்டர் சாதாரண இரும்பு போல்ட், அது உடைவதற்கென்றே போடுவது. மண்ணுக்குள் புதைந்த கல்லில் கூர் முட்டினால் அது பட்டென்று அறுந்து, கலப்பை பின்னால் மடங்கிவிடும். கியர் பெட்டிக்கும் ஒன்றும் ஆகாது, கைப்பிடி எகிறி ஓட்டுகிறவரின் நெஞ்சில் அடிக்கவும் செய்யாது. ‘அடிக்கடி அறுகிறதே’ என்று அங்கே கெட்டியான போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. சட்டைப் பையில் நாலு போல்ட் வைத்துக்கொண்டால் போயிற்று.

சரி, கலப்பை தயார். முதலில் சமமான இடத்தில், சின்னக் கியரில் ஓட்டிப் பாருங்கள். பிறகு சரிவுக்குக் குறுக்காகப் பார் போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் ஒரு பெருமழைக்கே மேல்மண் ஓடைக்குப் போய்விடும். பக்கச் சாய்வு அதிகமான இடத்தில் இயந்திரம் புரளும், அங்கே மண்வெட்டியே நல்லது.

புதிதாக ஓட்டுகிற பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். சமதரையில் இடது கைக் கிளச்சை அழுத்தினால் லேண்ட்மாஸ்டர் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் அதே கிளச்சை அழுத்தினால் வலப்பக்கம் போகும். விடுபட்ட இடது சக்கரம் தன்பாட்டில் வேகமாக உருளும், வலது சக்கரத்தை எஞ்சின் பிடித்து வைத்திருக்கும், அதனால்தான். பின்னால் டிரெயிலரில் மூட்டை இருந்தால் கேட்கவே வேண்டாம். இறக்கத்தில் சின்னக் கியரில் வையுங்கள், இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக விடுவிக்கிற பெரிய கிளச்சைத் தொடாதீர்கள், கைப்பிடியாலேயே திருப்புங்கள்.

இந்தச் சட்டம் ஒன்று இருந்தால் அறுவடைக்கும் உதவும். சிறகுகளைக் கழற்றிவிட்டு, அகலமான கூரும் அதன் பின்னால் இடைவெளி விட்டு நீளக் கம்பிகளும் பூட்டினால் மண் கம்பிகளுக்கு இடையில் உதிரும், கிழங்கு மேலே தங்கும். கம்பியின் முனைகளை மட்டும் உருண்டையாகத் தீட்டிவிடுங்கள், கிழங்கில் கீறல் விழாது. நன்றி, வணக்கம்.