ஆவணியிலேயே வந்துவிடும் விருந்தாளிகள்

வணக்கம். வலசைப் பறவைகளைப் பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி, எந்த மாசம் ஒலிபரப்புவீர்கள் என்பதுதான். மார்கழி என்றிருந்தால் வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

நம் ராமநாதபுரம் கரையில் பறவை பார்ப்பது என்றாலே தை மாசம், பூநாரை, தனுஷ்கோடி ரோட்டோரம் வேனை நிறுத்திவிட்டுச் செல்ஃபி என்று ஆகிவிட்டது. பூநாரை அழகுதான், மறுக்கவில்லை. 2025 ஜூனில் தனுஷ்கோடியில் 524 ஹெக்டேருக்கும் மேல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு வலசையைப் பார்த்துவிட்டோம் என்பது, பந்தி முடிந்து இலை எடுக்கும்போது கல்யாணத்துக்குப் போன மாதிரி. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்தங்கால் மாதிரி கண்மாய்களுக்கு அந்தத் தை மாசக் கணக்கு சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் பெருகினால்தான் அங்கே கூட்டம். கடற்கரை மழைக்குக் காத்திருப்பதில்லை. ஆகஸ்டிலேயே, இன்னும் வெயில் மண்டையைப் பிளக்கும்போதே, உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவைகள் சேற்றில் இறங்கிவிடும்.

இதை நான் அசடு வழிந்துதான் கற்றுக்கொண்டேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆவணிக் காலையில் கோதண்டராமர் கோயில் பக்கத்துச் சேற்றில், நெஞ்செல்லாம் செங்கல் நிறத்தில் ஒரு உள்ளானைப் பார்த்துவிட்டு, ரெட் நாட் வந்திருக்கிறது, அபூர்வம், ஓடி வாருங்கள் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். மதுரையிலிருந்து ஒருவர் பஸ் பிடித்தே வந்துவிட்டார். வந்தவர் பைனாகுலரை எடுத்து அரை நிமிஷம் பார்த்தார், பிறகு ரொம்ப மெதுவாக, "அண்ணே, மூக்கைப் பாத்தீங்களா?" என்றார். மூக்கு நீளமாக, நுனியில் கீழே வளைந்திருந்தது. பறந்தபோது வாலுக்கு மேலே பளிச்சென்று வெள்ளை. வளைமூக்கு உள்ளான்! நம் கரைக்கு வருஷா வருஷம் வருகிற பறவைதான். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்த காலத்துச் சிவப்பு இறகு இன்னும் உதிராமல் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதே பறவையை மார்கழியில் பார்த்திருந்தால் சாம்பல் நிறத்தில் இருந்திருக்கும், நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். மதுரைக்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடு என் செலவு.

ஆனால் அந்தச் சிவப்புத்தான் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது. முதலில் வருவதெல்லாம் வளர்ந்த பறவைகள். இந்த உள்ளானில் தாய் அடைகாக்கும்போதே அப்பன் கிளம்பிவிடும், பிறகு தாய். குஞ்சுகள் சில வாரம் அங்கேயே தின்று கொழுத்துவிட்டு, வழிகாட்ட ஆளே இல்லாமல், தாங்களாகவே இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வந்து சேரும். 2022 அக்டோபரில், பிறந்து சுமார் ஐந்தே மாசமான பட்டைவால் மூக்கன் என்கிற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கேயும் இறங்காமல் பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே இனம் நம் கரைக்கும் வருகிறது, நமக்கு வருவது சைபீரியப் பக்கத்திலிருந்து.

சரி, எல்லாக் குஞ்சும் இப்படிக் கெட்டிக்காரக் குஞ்சு என்று நினைக்காதீர்கள். மணலித் தீவுப் பக்கமோ தனுஷ்கோடியிலோ நண்டுதின்னியைப் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளை உடம்பு, கறுப்பு முதுகு, கத்தி மாதிரி தடித்த கறுப்பு மூக்கு. மணலில் வளை தோண்டி அதற்குள் ஒரே ஒரு வெள்ளை முட்டை வைக்கும் பறவை, பெரும்பாலும் அரபிக்கடல், செங்கடல் ஓரத்துத் தீவுகளில். அசையாமல் நிற்கும், நாலு எட்டு ஓடும், நண்டைக் கவ்வும். பக்கத்திலேயே முதுகு சாம்பலாக ஒரு பிள்ளை, உடம்பில் தாய்க்குச் சமமாக வளர்ந்திருக்கும், கடல் தாண்டியும் பறந்து வந்திருக்கும், ஆனாலும் கழுத்தைக் குறுக்கிக்கொண்டு சோறு சோறு என்று தாய் பின்னாலேயே நச்சரித்துக்கொண்டு ஓடும். எங்கள் வீட்டிலும் ஒன்று இப்படி இருக்கிறது என்று கரைவலை இழுக்கும் ஒரு அக்கா சொல்லிச் சிரித்தார்.

அந்த அக்கா மாதிரி ஆட்களிடம் கேளுங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று ஓய்ந்து வாடை திரும்புவதை முதலில் அறிகிறவர்கள் அவர்கள்தான், எந்தத் திட்டில் எந்த நேரம் பறவை இறங்கும் என்பதும் அவர்களுக்கு அத்துபடி. கடல் உள்வாங்கும் வற்று நேரத்தில் போனால் பறவை சேறெங்கும் சிதறி மேயும். கடல் ஏறும் பெருக்கில் மேட்டில் ஒண்டி ஓய்வெடுக்கும், அப்போது காரையோ பைக்கையோ மணலில் இறக்கி விரட்டாதீர்கள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த களைப்பு அது. காலில் ஆராய்ச்சியாளர்கள் அடையாளத்துக்கு வண்ணக் கொடி மாட்டியிருந்தால் நிறத்தையும் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடல் பக்கமே போக முடியாதவர்களுக்கும் ஒன்று உண்டு. ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா என்று வடக்கே இருந்துவிட்டு, வாடையோடு தெற்கே வரும், சில இலங்கைக்கும் கடக்கும். ராத்திரியில் பறப்பதால் விளக்கு வெளிச்சத்தில் தடுமாறிக் கண்ணாடி ஜன்னலில் மோதி வராந்தாவில் கிடக்கும். பச்சை, நீலம், வயிற்றடியில் சிவப்பு என்று கிளிக்குஞ்சு மாதிரி இருக்கும், கூண்டைத் தேடாதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், ஒரு மணி நேரம் வைத்துத் திறந்துவிட்டால் பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஐப்பசியில் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் வேலியோரப் புதரிலிருந்து இரண்டு ஸ்வரத்தில் கணீரென்று ஒரு விசில் கேட்டால், கொல்லைக் கதவைச் சத்தம் வராமல் திறங்கள். சருகைக் கிளறிக்கொண்டு அங்கேதான் நிற்கும். வணக்கம்.